வடிவாப் பாருங்கோ: வன்னியில கையில இருக்கிற போனால அன்றாடத்தைப் படம் எடுக்கிறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அண்ணை, எங்கட பக்கம் எடுக்கிறதுக்கு என்ன கிடக்கு, பத்தையும் புழுதியும்தானே" எண்டு போன கிழமை ஒரு தம்பி கேட்டான். அவன்ட கையில மூண்டு லென்ஸ் வச்ச புதுப் போன், என்ட கையில மூலை வெடிச்ச நாலு வருசப் பழசு. அவன் நுவரெலியாவுக்குப் போறதுக்குக் காசு சேர்க்கிறானாம், அங்க போனாத்தான் வடிவான படம் வருமாம். போகட்டும், நல்ல இடந்தான், குளிரும். நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: எங்கட தமிழில வடிவு எண்டா அழகு, வடிவாப் பார் எண்டா கவனமாப் பார், ரெண்டுக்கும் எங்கட ஆக்கள் ஒரே சொல்லைத்தான் வச்சிருக்கினம். அவன் சிரிச்சுப்போட்டுப் போட்டான். வாயால சொன்னதையும் சொல்லாம விட்டதையும் சேர்த்து இதில எழுதிறன், அவனும் வாசிப்பான், உங்களுக்கும் உதவும்.

முதலே சொல்லிப்போடுறன், நான் ஸ்ரூடியோக்காரன் இல்லை, கலியாண வீட்டுப் படம் எடுக்கிற ஆளும் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் வேலைக்குப் போய்வாற வழியில சைக்கிளை நிப்பாட்டி எடுக்கிறனான், அவ்வளவுதான். பிழை விட்டு விட்டுப் பழகினதுதான் எல்லாம்.

படி 1: லென்சைத் துடையுங்கோ

சிரிக்காதேங்கோ. எங்கட செம்மண் புழுதி, தலையில வச்ச தேங்காயெண்ணெய், சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடந்த வியர்வை எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில ஒரு படலமா நிக்கும். படம் புகைச்சல் மாதிரி வருது, லைற்றைச் சுத்தி நீட்டுக் கோடு இழுபடுது எண்டா போன் பழுதில்லை, ஊத்தை. பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒண்டைக் கிழிச்சு பொக்கற்றுக்குள்ள வச்சிருங்கோ. முதல்ல வாயால ஊதி மண்ணைப் பறக்கவிட்டிட்டுப் பிறகு துடையுங்கோ, இல்லாட்டி மண்ணே கண்ணாடியைக் கீறிப்போடும்.

அதோட செற்றிங்குக்குள்ள போய் ரெண்டு வேலை. கட்டம் காட்டுற கோட்டைப் போட்டு விடுங்கோ, ஸ்கிரீன் ஒம்பது பெட்டியாத் தெரியும். பியூட்டி எண்டு முகத்தை மாப்பூசின மாதிரி ஆக்கிற சாமானை நிப்பாட்டுங்கோ. நாலு லென்ஸ் இருக்கிற போன் எண்டாலும் பெரும்பாலும் சாதாரண லென்ஸ்தான் திறம், விலை குறைஞ்ச போன்களில மற்றதுகள் பேருக்குத்தான் நிக்குது. ரெண்டு விரலால இழுத்துப் பெருப்பிக்கிறதையும் மறந்திடுங்கோ. அது கிட்டப் போறதில்லை, இருக்கிற படத்தை வெட்டிப் பெருசாக்கிறது. கிட்டப் போகவேணுமெண்டா கால் இருக்கு.

படி 2: ஒரு இடத்தைப் பிடியுங்கோ, அதை விடாதேங்கோ

முதல் நாளே இரணைமடுவுக்கு ஓடாதேங்கோ. அது வட மாகாணத்தில பெரிய குளம், போனா எல்லாரும் எடுத்த அதே படத்தைத்தான் நீங்களும் எடுப்பியள், கட்டு, கதவு, தண்ணி, சூரியன், முடிஞ்சுது. வீட்டில இருந்து பத்து நிமிச நடைக்குள்ள ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கோ. சந்தியில இருக்கிற தேத்தண்ணிக்கடையா இருக்கலாம், நெல்லு மில்லு வாசலா இருக்கலாம், கோயில் கேணியா இருக்கலாம், உங்கட வீட்டுக் கிணத்தடியாவே இருக்கலாம். ஒரு மாசம் அங்க மட்டும் எடுங்கோ.

செக் நாட்டில பிராக் எண்ட நகரத்தில யோசெஃப் சுடெக் எண்டு ஒரு படக்காரர் இருந்தவர். முதலாம் உலகப் போரில வலது கை போட்டுது. பிறகு ரெண்டாம் போர் வந்து, ஜேர்மன்காரர் ஊரைப் பிடிச்சு வச்சிருந்த காலத்தில, 1940இல தொடங்கி 1954 மட்டும் தன்ர ஸ்ரூடியோ யன்னலால தெரியிறதைத் திருப்பித் திருப்பி எடுத்தார். யன்னல் கண்ணாடி, அதில வேர்த்த ஈரம், வெளியில வளைஞ்ச ஒரு மரம், விளிம்பில ஒரு தண்ணிக் கிளாஸ். சண்டைக்குள்ள, ஒரு கையோட, ஒரு யன்னலை வச்சுக்கொண்டு. வன்னியில இருக்கிற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

என்ட இடம் ஒரு வாய்க்கால் மதகு. முதல் ரெண்டு கிழமையும் ஒண்டுமே சரிவரேல்லை, எடுத்ததெல்லாம் சீமெந்தும் தண்ணியும். பிறகுதான் ஆக்களின்ர நேரம் பிடிபட்டுது. ஆறேகாலுக்குப் பால்காரர் ரெண்டு கானையும் கட்டிக்கொண்டு போவார், ஏழுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள், பின்னேரம் மாடுகள். வெள்ளிக்கிழமையில ஒரு ஐயா சைக்கிளைத் தண்ணிக்குள்ள இறக்கிக் கழுவுவார், கழுவி முடிச்சுத் தலைகீழாக் கவிட்டு வச்சிட்டுப் பெடலைக் கையால சுத்துவார். அப்ப பின்சில்லில இருந்து தண்ணி விசிறும், காலமை வெயில் அதுக்குப் பின்னால நிண்டா விசிறுற ஒவ்வொரு துளியும் தனித்தனியாத் தெரியும், ஒரு கணம் சில்லைச் சுத்தி இன்னொரு சில்லு நிக்கிற மாதிரி. அந்தப் படத்துக்கு எனக்கு நாலு வெள்ளி போச்சு. முதல் வெள்ளி நான் நிண்ட பக்கம் பிழை, வெயில் என்ட முதுகில. ரெண்டாவது வெள்ளி மழை முகில். மூண்டாவது வெள்ளி ஐயா வரேல்லை, யாரோட செத்தவீடாம்.

படி 3: வெயிலைப் படியுங்கோ

இதுதான் பெரிய பாடம், கொஞ்சம் நீட்டுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கோல்டன் அவர் எண்டு சொல்லுவினம், சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலம், விழ முதல் ஒரு மணித்தியாலம், அப்ப லைற் மஞ்சளா மெதுவா இருக்கும் எண்டு. அந்தக் கணக்கு தூர வடக்கில இருக்கிற நாடுகளுக்கு. அங்க சூரியன் சரிஞ்சு ஏறும். நாங்கள் நிக்கிறது பூமத்திய ரேகையில இருந்து கிட்டத்தட்ட 9 பாகை வடக்கில, எங்களுக்கு அது நெட்டுக்கு ஏறும், நெட்டுக்கு இறங்கும். மணித்தியாலத்துக்கு 15 பாகை போற சூரியன் நேர மேல போனா அந்த மஞ்சள் வெயில் எவ்வளவு நேரம் நிக்கும் எண்டு நீங்களே பாருங்கோ. அரை மணித்தியாலம், கூடிப்போனா நாப்பது நிமிசம். பொழுது பட்டாப் பிறகு வாற நீல வெளிச்சமும் இருபது நிமிசத்தில போயிடும். ஆகவே ஆறரைக்கு எழும்பி முகம் கழுவித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் எண்டா நீங்கள் போகேக்க வெயில் வெள்ளையாப் போயிருக்கும். சூரியன் வருசம் முழுக்க அஞ்சே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையிலதான் உதிக்குது, அதுக்குப் பத்து நிமிசம் முதலே இடத்தில நில்லுங்கோ.

எங்க நிக்கிறது? வெயிலை முதுகில வாங்கிக்கொண்டு எடுத்தா எல்லாம் தெளிவாத் தெரியும், ஆனா தட்டையா இருக்கும். பக்கவாட்டில வெயில் விழுந்தா மண்சுவரில இருக்கிற விரல் தடம்கூட எழும்பி நிக்கும். எதிர்வெயில் எண்டா புழுதி, புகை, ஆவி, மாட்டின்ர காது மயிர், நெல்லின்ர சுணை எல்லாம் ஓரத்தில வெளிச்சம் பிடிக்கும். எங்கட ஊரில புழுதி புழுதி எண்டு எல்லாரும் ஏசுறியள். அந்தப் புழுதிதான் வெயிலைக் கண்ணுக்குக் காட்டிற சாமான், புழுதி இல்லாட்டி வெயில் போறது தெரியாது. கிரவல் ரோட்டால ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெசின், போனாப் பிறகு அது கிளப்பிவிட்ட புழுதி அடங்குறதுக்கு அரை நிமிசம் எடுக்கும், அந்த அரை நிமிசத்துக்குள்ள அதுக்குள்ளால வாற ஆளை எதிர்வெயிலில எடுத்துப் பாருங்கோ.

மத்தியானம்? மத்தியான வெயிலில ஆக்களை எடுக்காதேங்கோ, கண் ரெண்டும் குழி விழுந்து கறுத்துப்போய் வரும். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் பிறகு ஆவணியிலயும் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேர வந்திடும், அந்த நாளில நடு மத்தியானத்தில கம்பத்துக்கு நிழலே இருக்காது. குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆளின்ர நிழல் வட்டமா அவரின்ர காலடியில கிடக்கும், அது ஒண்டுதான் அந்த நேரத்தில நல்லா வரும், அதையும் ஒருக்கா எடுக்கலாம், ஒவ்வொரு நாளும் எடுக்கேலாது. மற்றபடி மத்தியானத்தில நிழலுக்குள்ள போங்கோ. மாமரத்துக்குக் கீழ, விறாந்தையில, கதவடியில. கதவைத் திறந்து வச்சிட்டு ஆளை வாசலில இருந்து ரெண்டடி உள்ளுக்கு இருத்தி, முகத்தை வெளிச்சத்தப் பாக்க வச்சு எடுங்கோ. காசு குடுத்து வாங்கிற ஸ்ரூடியோ லைற்றில வாற மென்மை அதில கிடைக்கும்.

தகரக் கொட்டிலுக்குள்ளயும் போய்ப் பாருங்கோ. ஆணி அடிச்சுக் கழட்டின ஓட்டைகளால வெயில் வந்து நிலத்தில சின்னச் சின்ன வட்டமா விழும். ஓட்டை சதுரமா இருந்தாலும் கிழிஞ்சு கோணலா இருந்தாலும் கீழ விழுறது வட்டந்தான், கவனிச்சிருக்கிறியளோ? ஏனெண்டா அது ஓட்டையின்ர உருவம் இல்லை, சூரியனின்ர படம். சின்ன ஓட்டை ஒண்டு, இருட்டறை ஒண்டு இருந்தா வெளியில இருக்கிறது உள்ளுக்குத் தலைகீழா விழும், கமரா எண்ட சொல்லே அந்த இருட்டறைக்குத்தான் முதல்ல இருந்தது. 2019 மார்கழி 26ஆம் திகதி எங்கட பக்கம் கங்கணச் சூரிய கிரகணம் வந்துதே, காலமை ஒம்பதரைக்குப் பிறகு, எல்லாரும் மேல பாக்க நான் எங்கட மாட்டுக் கொட்டிலுக்குள்ள நிண்டனான். நிலத்தில கிடந்த வட்டம் எல்லாம் மோதிரமாப் போச்சு. சாணிக்கு மேல, வைக்கலுக்கு மேல, எங்கட சிவலைப் பசுவின்ர முதுகில, இருபது முப்பது மோதிரம். அப்ப என்னட்ட இருந்தது ஒரு ஓட்டை போன், படம் நல்லா வரேல்லை. ஆனா அண்டைக்குத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது.

மாரியைப் பற்றியும் சொல்லவேணும். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் முகில் மூடிக் கிடக்கேக்க "வெயில் இல்லை, எடுக்கேலாது" எண்டு போனை வைக்காதேங்கோ. வானம் முழுக்க ஒரு வெள்ளைத் துணி கட்டின மாதிரி, நிழல் இல்லை, நிறம் நல்லாப் பிடிக்கும். நனைஞ்ச பாலை மரப்பட்டை, வேலிக் கதியாலில துளிர்த்த கிளுவை, சேத்துக்குள்ள நிக்கிற கால், எல்லாம் அப்பத்தான். போனை மட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள்ள போட்டு லென்ஸ் இருக்கிற இடத்தில வெட்டி விடுங்கோ.

படி 4: வெளிச்சத்தைப் போனிட்ட விடாதேங்கோ

போனுக்கு மாடு தெரியாது, கொக்குத் தெரியாது. அது எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பாக்கும். எருமை மாட்டை நிரப்பி எடுத்தா இதென்ன கறுப்பாக் கிடக்கு எண்டு வெளிச்சத்தைக் கூட்டும், எருமை சாம்பல் பூசின மாதிரி வரும். உழவுக்குப் பின்னால நிக்கிற கொக்கை எடுத்தா, சுத்திவரக் கறுத்த சேறு கிடக்கிறதால திரும்பவும் வெளிச்சத்தைக் கூட்டி, கொக்கு ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டாப் போயிடும், இறகு ஒண்டும் தெரியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. முக்கியமானது எதுவோ அதை ஸ்கிரீனில தொடுங்கோ. பக்கத்தில ஒரு சின்னச் சூரியன் வரும், அதை விரலால கீழ இழுத்தா இருளும், மேல இழுத்தா வெளிக்கும். எங்கட ஊர் வெயிலுக்கு நான் பத்தில எட்டுத்தரம் கீழதான் இழுக்கிறனான். இருண்டதைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளிச்சத்தில வெந்து போனதைத் திருப்பி எடுக்கேலாது.

அம்மாவின்ர அடுப்படியை வச்சுத்தான் இதைப் பழகினனான். கிடுகால மறைச்ச பழைய குசினி, காலமையில கிழக்குப் பக்கக் கிடுகு இடுக்கால வெயில் கீலம் கீலமா உள்ளுக்கு வரும், பச்சை விறகின்ர புகை அந்தக் கீலத்துக்குள்ள ஏறேக்க மட்டும் தெரியும், வெளியில போனா மறையும். போனை அப்பிடியே பிடிச்சா குசினி முழுக்க வெளிச்சமா, சுவர், சட்டி, பானை, தொங்கிற உமல் எல்லாம் தெரியிற மாதிரி எடுத்துத் தரும், புகை மட்டும் இல்லை. புகையைத் தொட்டு, சூரியனை நல்லாக் கீழ இழுத்தன். குசினி இருண்டுது, புகை எழும்பிச்சு, அம்மாவின்ர நெத்தியும் ஊதுகுழல் பிடிச்ச கையும் மட்டும் வெளிச்சத்தில. அம்மா பாத்திட்டு "என்ன ராசா, கரண்டில்லாத வீடு மாதிரிக் கிடக்கு" எண்டா. அது அவவின்ர விமர்சனம், ஏத்துக்கொண்டன்.

இன்னுமொண்டு. எங்கட ஆக்களின்ர முகத்தை எடுக்கேக்கப் போன் தானாவே வெளுப்பாக்கப் பாக்கும். விடாதேங்கோ. கொஞ்சம் கீழ இழுத்தா கறுத்த முகத்தில வெயில் மினுங்கிற விதமே வேற.

படி 5: எங்க நிக்கிறது, எதை விடுறது

கண் மட்டத்தில நிண்டு எடுக்கிறதுதான் எல்லாருக்கும் பழக்கம். குந்துங்கோ. ஆட்டுக்குட்டியை ஆட்டுக்குட்டியின்ர உயரத்தில எடுங்கோ, நெல்லுக்கதிரை வரம்பில படுத்து எடுங்கோ, வீட்டில காயப்போட்ட ஒடியலைக் கதிரையில ஏறி நிண்டு நேர மேல இருந்து எடுங்கோ.

அமத்த முதல் நாலு ஓரத்தையும் ஒருக்காச் சுத்திப் பாருங்கோ. பாதி வெட்டுப்பட்ட மோட்டார் சைக்கிள், கரண்ட் வயர், ஒரு ஆளின்ர தலையில முளைச்ச மாதிரி நிக்கிற பனை, எல்லாம் அங்கதான் ஒளிச்சு நிக்கும். எங்கட பக்கம் பனைக்குக் குறைவில்லைத்தானே, ஆகவே ஒரு அடி விலகி நில்லுங்கோ, பனை தோளுக்குப் பக்கத்தில போயிடும். குளத்தங்கரையில எடுத்தா தண்ணிக்கோடு நேரா இருக்கவேணும், கட்டக்கோடு போட்டது அதுக்குத்தான். ஆளை நடுப்பெட்டியில வைக்காம கோடு ரெண்டும் வெட்டுற இடத்தில வச்சா நல்லது எண்டுவினம், பெரும்பாலும் சரி, ஆனா கோபுர வாசல், படலை, நேரா வாற ரெயில் மாதிரிச் சாமான் நடுவிலதான் நல்லா நிக்கும். ரெயில் தண்டவாளத்துக்கு நடுவில நீங்கள் நிண்டு எடுக்க வேண்டாம், அதையும் சொல்லத்தான் வேணும், நிண்டவையைக் கண்டிருக்கிறன்.

படி 6: ஆக்களை எடுக்கிறதெண்டா

கேட்டிட்டு எடுங்கோ. இது எங்கட மண்ணில மற்ற இடத்தை விடக் கூடப் பெரிய விசயம். 2009இல சண்டை முடிஞ்சாப் பிறகு எங்கட சனத்தை எவ்வளவோ பேர் வந்து படம் எடுத்தவை. வாகனத்தில வந்திறங்கி, அழுகையை எடுத்து, தண்ணிக்கு வரிசையில நிண்டதை எடுத்துக் கொண்டு போயிட்டினம், அந்தப் படம் எங்க போனது எண்டு எடுபட்ட ஆளுக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு கமராவைக் கண்டா முகம் இறுகிற ஆக்கள் இருக்கினம், அவையிட்ட நியாயம் இருக்கு.

முறிகண்டிப் பிள்ளையாரடியில ஏ9 ரோட்டால போற வாகனம் எல்லாம் நிக்கும், தேங்காய் உடைப்பினம், கச்சான் வாங்குவினம். அங்க கச்சான் வறுக்கிற ஒரு அக்காட்ட கேட்டன்.

"அக்கா, ஒரு படம் எடுக்கட்டோ?"

"என்னத்துக்குத் தம்பி, பேப்பரில போடவோ?"

"இல்லையக்கா, எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை, தாச்சியைக் கிண்டினா. பிறகு, "அப்ப முகத்தை விடு, கையை எடு. கைதானே வேலை செய்யுது."

சூடான மணலும் கச்சானும் அகப்பையில இருந்து வழியிற நேரத்தில எடுத்தன், கையில ஒரு பழைய சூட்டுத் தழும்பு, மணிக்கட்டில கோயில் நூல். நான் என்ட மூளையால முகத்தைத்தான் எடுத்திருப்பன், அது எல்லாரும் எடுக்கிற சிரிச்ச முகமா முடிஞ்சிருக்கும். அடுத்த மாசம் படத்தைக் கடதாசியில கழுவிக் கொண்டுபோய்க் குடுத்தன், காசுப்பெட்டி மூடியின்ர உள்பக்கத்தில ஒட்டி வச்சிருக்கிறா. படம் எடுத்தா ஒரு பிரதி குடுங்கோ, பெரிய காசில்லை. சின்னப் பிள்ளையள் எண்டா தாய் தேப்பனிட்டக் கேளுங்கோ, பேஸ்புக்கில போடுறதெண்டா அதைத் தனியா இன்னொருக்காக் கேளுங்கோ.

எடுக்கக் கூடாத இடமும் இருக்கு. முகாம், காவலரண், சோதனைச்சாவடிப் பக்கம் போனை நீட்டாதேங்கோ. மண்டையோடு கீறின சிவப்புப் பலகையைக் கண்டா அங்கால எவ்வளவு வடிவா இருந்தாலும் கால் வைக்காதேங்கோ, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடியாத காணி இன்னும் இருக்கு. மாடு போகுதே எண்டு நினைக்காதேங்கோ, மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது.

படி 7: நில்லுங்கோ

நல்ல பின்னணி ஒண்டைக் கண்டா ஆள் வரும் வரைக்கும் நில்லுங்கோ. பூவரசம் வேலி, அதில வெயில், ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ள ஒரு சைக்கிள் வந்தாப் படம். சைக்கிளைக் கண்டிட்டுப் பின்னால ஓடினா வராது. அமத்திப் பிடிச்சாத் தொடர்ந்து எடுக்கிற வசதி கனக்கப் போனில இருக்கு, ஓடுற சாமானுக்கு அதைப் பாவியுங்கோ. எல்லாத்தையும் நாங்களே கையால வைக்கிற புரோ மோட் இருந்தா ஷட்டர் வேகத்தை நடக்கிற மாட்டுக்குச் செக்கனில 250இல ஒரு பங்கு, சைக்கிளுக்கு 500இல ஒரு பங்கு எண்டு வச்சாக் கலங்காது. மைம்மலுக்குள்ள எடுக்கிறதெண்டா போனை மதில் மேலயோ சைக்கிள் சீற்றிலயோ ஊண்டிப் பிடியுங்கோ, மூச்சை அடக்கி அமத்துங்கோ.

எந்த மாசம் எது எண்டதை நீளமா எழுதேல்லை, நீங்கள் வன்னி ஆக்கள்தானே. தையில இருந்து பங்குனி மட்டும் வெட்டு, ரோட்டோரம் நெல்லுக் காயும், கால் விரலால கோடு போட்டுக் கிளறுற காலமை அருமை. மாரி முடிய மன்னார்ப் பக்கம் வங்காலைக் கடலேரியில பூநாரை வரும், ஆனா போனுக்கு அது தூரம், எடுத்தா வெள்ளைப் புள்ளிதான். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், சனத்துக்குள்ள நிண்டு விளக்கை எடுக்க நெரிபடுறதை விட பொங்கிப்போட்டு மரத்துக்குக் கீழ படுத்திருக்கிற குடும்பங்களைப் பாருங்கோ. சோளகக் காத்தும் பாலைப்பழமும் ஒண்டா வரும், பழம் திண்ட பிள்ளையளின்ர ஒட்டின சொண்டு, அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லேல்லை.

படி 8: அழியுங்கோ, கொஞ்சமாத் திருத்துங்கோ

எடுத்த உடன பாத்துத் தெரிவு செய்யாதேங்கோ, அப்ப எல்லாம் நல்லாத்தான் தெரியும். ரெண்டு நாள் விட்டுப் பாருங்கோ. நாப்பதில மூண்டு மிஞ்சினாக் காணும்.

திருத்திறதுக்கு ஸ்நாப்சீட் எண்ட ஆப் காணும், இலவசம். முதல்ல சரிவை நேராக்குங்கோ, பிறகு தேவையில்லாத ஓரத்தை வெட்டுங்கோ, பிறகு வெளிச்சமும் நிழலும் கொஞ்சம். நிறத்தைக் கூட்டுற கோட்டை இழுக்க இழுக்க ஆசையா இருக்கும், வயல் பச்சை பிளாஸ்டிக் வாளி மாதிரி வந்த உடன நிப்பாட்டி, அதில அரைவாசிக்குத் திரும்பி வாங்கோ. வானத்தை மாத்திற சாமானைத் தொடாதேங்கோ. ஆனையிறவில சுவிற்சலாந்து முகில் நிக்கிற படம் எனக்கும் வந்தது, அனுப்பினவருக்குக் கை எடுத்துக் கும்பிட்டு ஒரு ஸ்ரிக்கர் போட்டன்.

படி 9: வைக்கிறது

வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பினாப் படம் சுருங்கும், நல்ல படத்தை டொக்கியுமெண்டா அனுப்புங்கோ. கூகிள் போட்டோசில 2021 ஆனிக்குப் பிறகு ஏத்திறதெல்லாம் அந்த 15 ஜிபிக்குள்ளதான் கணக்கு, நிரம்பினா நிக்கும், ஆகவே ஒரு பென் டிரைவிலயும் போட்டு வையுங்கோ. வருசத்தில பத்துப் பதினைஞ்சாவது கடதாசியில கழுவி எடுத்து, பின்னால திகதி, இடம், ஆள் எழுதி வையுங்கோ.

இதில நான் கொஞ்சம் கடுமையா நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட வீட்டில 2009க்கு முந்தின படம் எண்டு இருக்கிறது அம்மம்மாவின்ர அடையாள அட்டையில ஒரு முத்திரையளவு முகம் மட்டுந்தான். அல்பம் ஒரு றங்குப்பெட்டிக்குள்ள இருந்தது, இடம்பெயரேக்க ரெண்டாவது இடத்தில விட்டது. கன காலம் அந்த அல்பத்தை நினைச்சுத்தான் கவலைப்பட்டனான். பிறகு ஒருநாள் அம்மாவும் நானும் இருந்து அதுக்குள்ள என்னென்ன இருந்தது எண்டு ஒவ்வொண்டா ஞாபகப்படுத்திப் பாத்தம். மாமாவின்ர கலியாணம், பெரியக்காவின்ர சாமத்தியவீடு, ஸ்ரூடியோவில திரைக்கு முன்னால நிண்ட ஒரு குடும்பப்படம். எங்கட பழைய வீட்டு விறாந்தை இல்லை, அம்மம்மா நெல்லுப் புடைக்கிறது இல்லை, அடுப்படி இல்லை. அல்பம் தப்பியிருந்தாலும் அது ஒண்டும் இருந்திருக்காது, ஏனெண்டா ஒருத்தரும் எடுக்கேல்லை, பிலிம் றோலில 36தான், அதை ஆர் அடுப்படிக்குச் செலவழிக்கிறது. இப்ப றோலும் இல்லை, கழுவிற காசும் இல்லை, இன்னும் நாங்கள் கலியாணத்தையும் பிறந்தநாள் கேக்கையும்தான் எடுக்கிறம்.

போன மாசம் கனடாவில இருந்து சித்தி போன் எடுத்தவ. கோயில் திருவிழாப் படம் எல்லாம் அனுப்பினனான், பாத்திட்டு "நல்லா இருக்கடா" எண்டா, அவ்வளவுதான். பிறகு மெதுவா, "உங்கட கிணத்தடியை ஒருக்கா எடுத்து அனுப்பேலுமோ, அந்த வாழையும் தெரியிற மாதிரி" எண்டா. அடுத்த நாள் ஆறு மணிக்குப் போய் நிண்டன். கப்பியில ஈரம், வாளி விளிம்பில காகம், வாழையிலைக்குப் பின்னால வெயில். வெளிச்சத்தை ஒரு இழுவை கீழ இழுத்து எடுத்து, டொக்கியுமெண்டா அனுப்பினன். பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்திருக்கிறா போல, அரை மணித்தியாலத்தால வொய்ஸ் வந்தது: "டேய், கயிறு நைலோனா மாத்திப்போட்டியளோ?"